டேலியா விதையும் கிழங்கும் கட்டிங்கும்: ஏற்காட்டிலும் சேலத்திலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மே மாதக் கோடை விழாவுக்கு வந்து அண்ணா பூங்காவில் மலர் கண்காட்சியைப் பார்த்துவிட்டு, இறங்கும் வழியில் எங்கள் வேலியோரம் நின்று டேலியாவைப் பற்றிக் கேட்பவர்கள் எல்லா வருஷமும் உண்டு. சேலத்துச் சொந்தக்காரர்கள் போனில் கேட்பார்கள். சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். ஏற்காட்டில் வீட்டுத் தோட்டத்தில் பதினைந்து வருஷமாக டேலியா வளர்க்கிறேன். எனக்குத் தெரிந்ததை, கேட்டவர்கள் கேட்டபடியே வைத்து இங்கே எழுதியிருக்கிறேன்.

"அக்கா, டேலியாவ விதை போட்டு வளர்க்கறதா, கிழங்கு வச்சு வளர்க்கறதா? எதுங்க சரி?"

இரண்டும் சரி, இரண்டுக்கும் வேலை வேறு. உங்களுக்குப் பிடித்த அதே பூ, அதே நிறம், அதே அளவில் மறுபடி வேண்டும் என்றால் கிழங்கு அல்லது கட்டிங் (குருத்தை வெட்டி நட்டு வேர் விடவைப்பது). எந்த நிறம் வந்தாலும் சரி, நிறையச் செடி வேண்டும் என்றால் விதை.

இதைக் கேட்பவர்களிடம் நான் ஒன்றைத் திருப்பிக் கேட்பேன்: மேலே இருக்கிறீர்களா, கீழேயா? ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். சேலம் 300 மீட்டர்கூட இல்லை. அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளை இறங்குவதற்குள் டேலியாவுக்கான கணக்கு முழுக்க மாறிவிடுகிறது. மலையில் கிழங்கைக் காப்பாற்றுவது எளிது, விதையைக் காயவைப்பதுதான் பாடு. சேலத்தில் மாசி வெயிலில் விதை அருமையாகக் காயும், ஆனால் கிழங்கு கோடையைத் தாண்டுவது கடினம். கீழே வரும் பல பதில்கள் இந்த ஒரு வித்தியாசத்தில்தான் நிற்கின்றன.

"போன வருஷம் உங்க கருஞ்சிவப்புப் பூவோட விதைதான் கொண்டுபோனேன். எனக்கு ஏன் ஆரஞ்சும் வெளிர் மஞ்சளுமா பூத்திருக்கு?"

விதையில் குறையில்லை, டேலியாவின் இயல்பே அது. இந்தச் செடி தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொள்வது மிகவும் குறைவு. தேனீ வேறு செடியிலிருந்து கொண்டுவரும் மகரந்தத்தில்தான் பெரும்பாலும் விதை பிடிக்கும். என் வேலியோரம் கருஞ்சிவப்புக்குப் பக்கத்தில் மஞ்சள் நின்றது. தாய் எது என்று தெரியும், தகப்பன் எது என்று தேனீக்குத்தான் தெரியும்.

இன்னொரு காரணம் செடிக்குள்ளேயே இருக்கிறது. நம் உடம்பில் ஒவ்வொரு குரோமோசோமுக்கும் இரண்டு பிரதிகள். தோட்டத்து டேலியாவில் எட்டு எட்டாக, மொத்தம் 64. ஒவ்வொரு விதையிலும் அவை புதிதாகக் கலைந்து சேர்கின்றன. ஒரே காயில் எடுத்த பத்து விதைகள் பத்து விதமாகப் பூப்பது அதனால்தான். நான் ஒரு வருஷம் அந்தக் கருஞ்சிவப்பின் விதையை நாற்பது குழியில் போட்டேன். தாயை உரித்துவைத்த மாதிரி ஒன்றுகூட வரவில்லை. ஆனால் அதில் வந்த ஒரு செம்புநிறப் பூவைத்தான் இப்போது எல்லாரும் நின்று பார்க்கிறார்கள்.

"எங்க செடில பெருசு பெருசா அடுக்குப் பூ. ஒரு விதைகூட பிடிக்க மாட்டேங்குதுங்களே?"

நாம் ஒரு பூ என்று சொல்வது உண்மையில் பல சிறு பூக்கள் சேர்ந்த ஒரு கொத்து. சூரியகாந்தி, சாமந்தியின் குடும்பம்தான் இதுவும். வெளியே இதழ் போல விரிவது ஒரு வகைச் சிறுபூ. நடுவில் மஞ்சளாக, பொட்டுப் பொட்டாக இருப்பது இன்னொரு வகை. தேனீ வந்து உட்காருவது அந்த நடுப்பகுதியில்தான். அடுக்கு டேலியாவில் அது இதழ்களுக்குள் புதைந்து கிடக்கிறது. தேனீக்கு வழி இல்லை, விதையும் இல்லை.

பருவத்தின் கடைசியில் பூக்கும் பூக்களைப் பறிக்காமல் விட்டுப் பாருங்கள். செடி ஓய்ந்துபோகும் நேரத்தில் அடுக்கு குறைந்து நடுப்பகுதி வெளியே தெரியும். அவற்றில் நாலைந்து விதையாவது கிடைக்கும். ஒற்றை இதழ்ப் பூக்களில் அள்ளலாம்.

"வாடின பூவுக்கும் மொட்டுக்கும் வித்தியாசம் தெரியாம மொட்டையெல்லாம் கிள்ளிப்போட்டுட்டேன்..."

இது எல்லாருக்கும் நடக்கிறது. மொட்டு உருண்டையாக, மேல்பக்கம் சப்பையாக, கெட்டியாக இருக்கும். இதழ் உதிர்ந்த காய் கூம்பு மாதிரி நுனி கூர்ந்து, அமுக்கினால் மெத்தென்று இருக்கும். மழைக்குப் பிறகு அமுக்கினால் அதிலிருந்து தண்ணீரே வரும்.

"விதைக்காயை எப்போ அறுக்கணும்? எங்களுக்கு எல்லாம் அழுகித்தான் போகுது."

கேட்டவர் ஏற்காட்டுக்காரர். மலையில் விதை எடுப்பவர்கள் தோற்பது இந்த இடத்தில்தான். பூ வாடியதிலிருந்து விதை முற்ற ஒரு மாதத்திலிருந்து இரண்டு மாதம் வரை ஆகும். அத்தனை நாளும் காயின் செதில்களுக்கு நடுவே ஈரம் தங்கக் கூடாது. மே மாதப் பூவிலிருந்து விதை எடுக்கலாம் என்று விட்டால், காய் முற்றும் நேரம் ஜூன், ஜூலை. மழையும் மூடுபனியும் சேர்ந்து காயை உள்ளேயே கறுக்கவைத்துவிடும். ஆகவே நான் மே மாதப் பூவில் விதைக்கு ஆசைப்படுவதே இல்லை. புரட்டாசியில் நட்டு, மார்கழி, தை மாதங்களில் பூக்கவிட்டு, மாசி, பங்குனியில் காயை எடுக்கிறேன். எங்கள் மலையில் ஜனவரி முதல் மார்ச் வரைதான் வானம் வெளுத்திருக்கும்.

காம்பு பழுப்பாகி, காய் காகிதம் மாதிரி சரசரவென்று ஆனதும் அறுக்கலாம். அதற்கு முன்னால் மழை வரும் போலத் தெரிந்தால் அவசரத்துக்கு ஒரு வழி உண்டு: காய் ஓரளவு முற்றியிருந்தால் ஒரு முழக் காம்போடு வெட்டி, வீட்டுக்குள் ஜன்னலோரம் ஒரு பாட்டில் தண்ணீரில் நிறுத்திவையுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்ற வேண்டும். காம்பில் இருக்கும் சத்தைக் கொண்டே காய் முற்றிக்கொள்ளும். முழு பச்சைக் காயில் இது பலிக்காது. நனைந்த காயைக் குலுக்கி, வாடிய இதழ்களைக் கையால் இழுத்துவிட்டாலே பாதி அழுகல் குறையும். ஈரத்தைப் பிடித்துவைப்பது அந்த வாடிய இதழ்கள்தான்.

"காயைப் பிரிச்சா ஒரே தவிடா இருக்கு. அதுல விதை எது, சக்கை எது?"

வெளிறி, மெல்லிசாக, ஒளி ஊடுருவுகிற மாதிரி இருப்பது செதில். அதுதான் அதிகம் இருக்கும். விதை கறுப்பு அல்லது கரும்பழுப்பு, ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளம், சப்பை. விரலால் அமுக்கும்போது நடுவில் பருப்பு தட்டுப்பட வேண்டும். வளைந்து மடிந்தால் பதர்.

பிரித்த விதையை நிழலில் ஒரு வாரம் காயவைத்து, காகித உறையில் போட்டு, தாய்ச் செடியின் பெயரையும் மாதத்தையும் எழுதுங்கள். பிளாஸ்டிக் கவரில் அரைகுறை ஈரத்தோடு போட்டால் பூஞ்சணம் பிடிக்கும். முதல் வருஷம் நன்றாக முளைக்கும், அப்புறம் வருஷத்துக்கு வருஷம் குறையும். மூன்று வருஷத்துக்கு மேல் நான் வைத்துக்கொள்வதில்லை.

"விதை போடறது எப்படிங்க? முளைச்சு ரெண்டு இலை விட்டதும் சாய்ஞ்சு செத்துப்போகுது."

முளைப்பதில் சிரமமே இல்லை. தென்னை நார்த் தூளும் மண்புழு உரமும் கலந்த தட்டில் அரை சென்டிமீட்டர் ஆழத்தில் போட்டால் ஒன்றிலிருந்து இரண்டு வாரத்துக்குள் முளைத்துவிடும். அடித்தண்டு நூல் மாதிரி மெலிந்து சாய்வது நாற்றழுகல். ஈரம் அதிகம், காற்றோட்டம் இல்லை என்று அர்த்தம். மேலே தண்ணீர் தெளிக்காமல், தட்டை ஒரு தாம்பாளத் தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்து அடியிலிருந்து ஈரம் ஏறவிடுங்கள். கலவையில் டிரைக்கோடெர்மா விரிடி என்கிற, நன்மை செய்யும் பூஞ்சைத் தூளைக் கொஞ்சம் சேர்ப்பதும் உதவும்.

உண்மையான இலை இரண்டு ஜோடி வந்ததும் சிறு தொட்டிக்கு மாற்றுங்கள். நாலு ஜோடி இலையில் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை வெடிக்கும். விதை போட்டதிலிருந்து பூக்க மூன்று முதல் நாலு மாதம். நோஞ்சான் நாற்று என்று எதையும் பிடுங்கி எறியாதீர்கள். நான் மேலே சொன்ன செம்புநிறம் தட்டிலேயே கடைசியாக வளர்ந்த நாற்று.

"நாங்க அஸ்தம்பட்டில இருக்கோம். சேலம் வெயில்ல டேலியா வருமா? சும்மா ஆசைகாட்டாம சொல்லுங்க."

வரும், ஆனால் ஒரே ஒரு பருவம்தான். செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ விதைத்து, ஜனவரி, பிப்ரவரியில் பூ பார்த்துவிட வேண்டும். மார்ச்சுக்குப் பிறகு மொட்டு சிறுத்து, விரிவதற்குள் கருகும். இரவிலும் சூடு இறங்காதபோது இந்தச் செடி தாங்காது. தொட்டியில் வைப்பது நல்லது. அக்டோபர் மழையில் தாழ்வாரத்துக்கு நகர்த்தலாம், பிப்ரவரியில் உச்சிவெயில் படாத கிழக்குப் பக்கம் மாற்றலாம்.

சேலத்துக்காரர்களுக்கு என் யோசனை: ஆண்டுதோறும் விதையை நம்புங்கள். நாங்கள் மலையில் பாட்டிலில் நிறுத்திக் காப்பாற்றுகிற காய், உங்களுக்குச் செடியிலேயே தானாகக் காயும். ஒற்றை இதழ்ச் செடிகள் நாலைந்து நிறத்தில் வைத்து, பிப்ரவரியில் பூக்களை விட்டுவைத்து, மார்ச்சில் காயை எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் வாங்கும் பொட்டல விதையை விட உங்கள் மாடியில் எடுத்த விதை உங்கள் வெயிலுக்குப் பழகியதாக இருக்கும். வாடிய செடியிலிருந்து எடுக்காமல், கடைசிவரை பூத்து நின்ற செடியிலிருந்து எடுத்தால் நாலைந்து தலைமுறையில் வித்தியாசம் தெரியும்.

"யூடியூப்ல பனி கொட்டி செடி கருகின அப்புறம்தான் கிழங்கு தோண்டணும்னு சொல்றாங்க. நமக்கு அந்தப் பனியே இல்லையே?"

அது மண் உறைந்துபோகிற நாடுகளுக்கான அறிவுரை. அங்கே கிழங்கை எடுக்காவிட்டால் உறைந்து கூழாகிவிடும். ஏற்காட்டில் மண் உறைவதில்லை. நமக்கு எதிரி மழையும் கோடையும்தான்.

டேலியாவின் சொந்த ஊரை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். மெக்சிகோவின் மேட்டு நிலங்கள்தான் அதன் பூர்வீகம். அந்த நாடு 1963ல் இதைத் தேசிய மலராக அறிவித்தது. 1791ல் ஸ்வீடன் தாவரவியலாளர் ஆண்டர்ஸ் டாலின் நினைவாக இந்தப் பெயர் சூட்டப்பட்டது, ஸ்பெயினின் மாட்ரிட் நகரில். பூர்வீகத்தில் மழைக்காலத்தில் வளர்ந்து பூக்கும். வறண்ட மாதங்களில் தண்டு காய்ந்துவிட, கிழங்கு மண்ணுக்குள் தூங்கும். அதாவது கிழங்குக்கு ஓய்வு என்றால் வறட்சி. குளிர் அதற்குக் கட்டாயமில்லை. பகல் 12 மணி நேரத்துக்குக் கீழே குறையும்போது கிழங்கு பருக்கத் தொடங்கும். நமக்கு அது அக்டோபரிலிருந்து மார்ச் வரையான காலம்.

ஆகவே பிப்ரவரி கடைசியில் பூ ஓய்ந்ததும் தண்ணீரைப் படிப்படியாகக் குறையுங்கள். தண்டு மஞ்சளானதும் ஒரு சாண் விட்டு வெட்டி, இரண்டு வாரம் கழித்துத் தோண்டுங்கள். மண்வெட்டியைத் தண்டிலிருந்து ஒரு அடி தள்ளி இறக்க வேண்டும். சரிவில், தண்ணீர் நிற்காத செம்மண் பாத்தியில் இருந்தால் தோண்டாமலேயே விடலாம். எங்கள் வீட்டில் சரிவில் விட்டவை மூன்று வருஷம் தானாகத் துளிர்த்தன. வாசல் பக்கம் சமதளத்தில் விட்டவை ஐப்பசி அடைமழையில் ஒரே வாரத்தில் அழுகின.

"பெரிய கிழங்கா பார்த்து ஆறு நட்டேன். நாலு முளைக்கவே இல்ல. தோண்டிப் பார்த்தா கிழங்கு அப்படியே கெட்டியா இருக்கு."

உருளைக்கிழங்கை நினைத்துக்கொண்டு நட்டிருப்பீர்கள். உருளைக்கிழங்கு தண்டின் பகுதி, அதன் உடம்பெல்லாம் கண் உண்டு. டேலியாக் கிழங்கு பருத்த வேர். அதில் கண் கிடையாது. சேலம் மாவட்டத்தில் இதை மரவள்ளியை வைத்துச் சொன்னால் உடனே புரியும். மரவள்ளிக் கிழங்கை யாரும் நடுவதில்லை, குச்சியைத்தான் நடுகிறோம். கிழங்கில் துளிர் விட இடமில்லை. டேலியாவிலும் அதே கதைதான்.

கிழங்குகள் வந்து சேரும் தண்டின் அடிப்பகுதி, அந்தக் கழுத்து, அங்கேதான் கண்கள். பிரிக்கும்போது ஒவ்வொரு கிழங்கோடும் கழுத்தின் ஒரு துண்டு, அதில் குறைந்தது ஒரு கண் வர வேண்டும். கழுத்து முறிந்த கிழங்கு எவ்வளவு பெரிதானாலும் பயனில்லை. கண் புள்ளி மாதிரி மிகச் சிறியது. தோண்டியவுடன் தெரியாவிட்டால் கொத்தை அப்படியே வைத்துவிட்டு, நடும் காலத்துக்கு முன் லேசான ஈரத்தில் இரண்டு வாரம் வைத்தால் கண்கள் இளஞ்சிவப்பாகப் புடைக்கும். அப்போது வெட்டுங்கள். வெட்டுவாயில் அடுப்புச் சாம்பலைத் தடவி ஒரு நாள் ஆறவிட்டு நடுங்கள். பிஞ்சு விரல் அளவு கிழங்கும் கண் இருந்தால் போதும்.

"தோண்டின கிழங்கை எதுல வைக்கறது? ஒண்ணு சுருங்குது, இல்லாட்டி பூஞ்சை பிடிக்குது."

சுருங்கினால் மிகவும் காய்ந்துவிட்டது, பூஞ்சை என்றால் ஈரம் அதிகம். கையில் பிடித்தால் ஒட்டாத, ஆனால் உள்ளங்கைக்குச் சில்லென்று தெரிகிற தென்னை நார்த் தூள்தான் நடுநிலை. அட்டைப் பெட்டியில் கிழங்குகள் ஒன்றையொன்று தொடாமல் அடுக்கி, இருட்டான தரைமட்ட அறையில் வையுங்கள். மாதம் ஒருமுறை திறந்து பார்த்து, அழுகியதை எடுத்துவிட வேண்டும். எலிக்கு இந்தக் கிழங்கு பிடிக்கும், பெட்டியை மூடிக் கனம் வையுங்கள்.

ஏற்காட்டில் மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை இப்படி வைக்கிறேன், முக்கால்வாசி தேறுகிறது. சேலம் வீட்டில் அதே பெட்டி மே மாதத்தில் வற்றலாகிவிடும். பிரிட்ஜின் காய்கறித் தட்டில் செய்தித்தாள் சுற்றி வைக்கலாம், இடம் இருந்தால். இல்லையென்றால் மலையில் இருக்கும் தெரிந்தவர்களிடம் கொடுத்துவைத்து வாங்கிக்கொள்வதுதான் உறுதியான வழி. என் வீட்டில் சேலத்தார் கிழங்குக்கு என்றே ஒரு பெட்டி இருக்கிறது.

"இந்தக் கிழங்கைச் சாப்பிடலாமாமே?"

மனிதர்கள் சாப்பிடும் கிழங்குதான், மெக்சிகோவில் உணவாகவும் இருந்திருக்கிறது. ஆனால் நர்சரியில் வாங்கியதில் பூச்சிமருந்து இருக்கும், அதைச் சமைக்காதீர்கள். நாய், பூனை கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவற்றுக்கு ஒத்துக்கொள்வதில்லை.

"ஒரே கிழங்குதான் இருக்கு. பத்துச் செடி வேணும். முடியுமா?"

முடியும். அதற்குத்தான் கட்டிங். ஆகஸ்டில் கிழங்கைக் கழுத்து வெளியே தெரியும்படி ஈர நார்த் தூளில் புதைத்து வெளிச்சத்தில் வைத்தால் குருத்துகள் வரும். ஒரு விரல் நீளம் வந்ததும், அடியில் ஒரு கணுவுக்குக் கீழே கூரான பிளேடால் வெட்டுங்கள். அடியில் ஒரு துளி கட்டை விட்டால் அதிலிருந்து மறுபடி குருத்து வரும். ஒரு கிழங்கிலிருந்து இப்படி ஏழெட்டு எடுக்கலாம். கீழ் இலைகளை நீக்கி, பாதி மணல் பாதி நார்த் தூளில் குத்தி, மேலே வெட்டிய தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து நிழலில் வைத்தால் இரண்டு, மூன்று வாரத்தில் வேர் வரும்.

வளர்ந்த செடியிலிருந்து தடித்த தண்டை ஒடித்து நட்டுத் தோற்றவர்கள் நிறைய. அந்தத் தண்டு உள்ளே குழல். தண்ணீர் தேங்கி அழுகும். வெட்டுவாயைப் பாருங்கள்: உள்ளே நிறைந்திருந்தால் வேர் விடும், ஓட்டை தெரிந்தால் வேண்டாம்.

"கட்டிங்ல வந்த செடிக்குக் கிழங்கு இருக்குமா?"

அந்தப் பருவ முடிவிலேயே கட்டும். ஒரே நிபந்தனை, நடும்போது ஒரு கணுவாவது மண்ணுக்குள் இருக்க வேண்டும். கழுத்தில் வரும் கண்கள் அந்தக் கணுவிலிருந்துதான் உருவாகும். கணு மேலேயே நின்றுவிட்டால் கிழங்கு பருக்கும், ஆனால் அடுத்த வருஷம் முளைக்காத கெட்டிக் கிழங்காக இருக்கும்.

"இலை நரம்போரம் மஞ்சள் கோடு. செடி குட்டையா நிக்குது. கிழங்கையாவது காப்பாத்தலாமா?"

வேண்டாம். மனதுக்குக் கஷ்டம்தான், ஆனால் அது வைரஸாக இருக்க வாய்ப்பு அதிகம். வைரஸ் கிழங்கிலும் இருக்கும், கட்டிங்கிலும் தொடரும், அசுவினி மூலம் பக்கத்துச் செடிக்கும் போகும். மருந்து கிடையாது. வேரோடு பிடுங்கிப் பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்புங்கள், உரக்குழியில் போடாதீர்கள். அடித்தண்டில் காலிபிளவர் மாதிரி குருத்துக் கொத்து முண்டியிருந்தாலும் இதேதான். அது பாக்டீரியா நோய், மண்ணிலும் கத்தியிலும் ஒட்டிக்கொள்ளும். கட்டிங் எடுக்கும் பிளேடைச் செடிக்குச் செடி ஸ்பிரிட்டில் துடைப்பதை நான் ஒருநாளும் விடுவதில்லை.

வெறும் மஞ்சளைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். அடி இலைகள் மட்டும் வெளிறி, அடிப்புறம் புழுதி படிந்த மாதிரி இருந்தால் செஞ்சிலந்தி. இலையின் அடியில் தண்ணீரை வேகமாக அடித்து, வேப்ப எண்ணெய்க் கரைசல் தெளித்தால் சரியாகும்.

"தேனீயை நம்பாம, நானே ரெண்டு நிறத்தைக் கலக்க முடியுமா?"

முடியும், பொறுமை வேண்டும். தாயாக வைக்கும் பூ விரிவதற்கு முன்னால், கல்யாணத் தாம்பூலத்தில் தருகிற மெல்லிய வலைப்பையால் மூடிக் கட்டுங்கள். நடுவில் இருக்கும் சிறுபூக்கள் ஒரே நாளில் விரியாது. வெளி வட்டத்திலிருந்து உள்ளே, நாளுக்கு ஒரு வரிசையாக விரியும். ஒவ்வொரு சிறுபூவும் முதலில் மகரந்தத்தைத் தள்ளும், அதன் பிறகுதான் மகரந்தத்தை ஏற்கும் சூல்முடி இரண்டாகப் பிரிந்து வளையும். பிரிந்த வரிசைதான் உங்கள் இலக்கு. வெயில் ஏறி ஈரம் காய்ந்த பிறகு, தகப்பன் பூவின் மஞ்சள் தூளைச் சிறு தூரிகையில் எடுத்து அந்த வரிசையில் தடவுங்கள். இப்படி நாலைந்து நாள். ஒவ்வொரு முறையும் பையைத் திரும்பக் கட்டிவிடுங்கள். இதழ் உதிர்ந்ததும் பையை எடுத்துவிடலாம், காய்க்குக் காற்று வேண்டும். இவ்வளவு செய்தும் நிறம் நீங்கள் நினைத்தபடி வரும் என்று இல்லை, காரணம் இரண்டாவது கேள்வியில் இருக்கிறது. ஆனால் தகப்பன் யார் என்று எழுதிவைக்கலாம்.

"விதையில வந்த ஒரு செடி அவ்வளவு அழகு. இது மறுபடி கிடைக்காதுன்னு நினைச்சா பயமா இருக்கு. என்ன செய்யறது?"

விதையில் மறுபடி கிடைக்காது, அது உண்மை. உலகத்தில் அந்த ஒரு செடிதான். பூ விரிந்த அன்றே செடியின் அடியில் அடையாளம் கட்டுங்கள். பூ உதிர்ந்த பிறகு எல்லாச் செடியும் ஒரே மாதிரி இருக்கும், எனக்கு ஒரு நல்ல வெள்ளை அப்படித்தான் கைதவறிப் போனது. பேனா மை மழையில் அழியும். மெல்லிய அலுமினியத் தகட்டில் ஆணியால் கீறிக் கம்பியில் கட்டுகிறேன்.

அப்புறம் அதன் பக்கக் குருத்துகளில் ஓட்டை விழாதவற்றை எடுத்து உடனே இரண்டு, மூன்று கட்டிங் போடுங்கள். பருவம் முடிந்ததும் தாயின் கிழங்கைத் தோண்டி, கோடையில் பிரிக்காமல் முழுக் கொத்தாகவே வையுங்கள். முதல் வருஷ நாற்றின் கிழங்கு சிறியது, வெட்டினால் வாடிவிடும். அடுத்த பருவத்தில் அதே அழகு வருகிறதா, காம்பு பூவைத் தாங்குகிறதா என்று பாருங்கள். வேரூன்றிய கட்டிங்குகளில் ஒன்றை வேறொரு வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். என் செம்புநிறம் ஒரு ஐப்பசியில் முழுக்க அழுகிவிட்டது. இப்போது வேலியோரம் நிற்பது, நான் சேலம் கன்னங்குறிச்சியில் இருக்கும் சித்திக்குக் கொடுத்த தொட்டியிலிருந்து திரும்பி வந்த கட்டிங்.